வயிற்றைப் புரட்டுவது காது

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினால் 40. பின்சீட்டில் செல்போனுக்குள் முகம் புதைத்திருந்த பிள்ளை பாதி வழியிலேயே வெளுத்துப்போகும். ஸ்டீயரிங் பிடித்தவரோ மேலே போனதும் பரோட்டா சாப்பிடலாமா என்று கேட்பார். இரண்டு பேரும் பட்டது ஒரே ஆட்டம்தான். பிள்ளை வாந்தியெடுத்தால் பழியைக் காலையில் தின்ற பூரி மேல் போடுவது நம் வழக்கம். பூரிக்கும் சிறு பங்கு உண்டு. ஆனால் வேலையைத் தொடங்கிவைப்பது காது.

ஒவ்வொரு உட்செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பும்போது அந்தத் திரவம் சற்றுப் பின்தங்கி, நுண்மயிர் கொண்ட செல்களை வளைக்கிறது. தலை திரும்பிய செய்தி மூளைக்குப் போகிறது. பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றின் பசை மீது கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டி வேகமெடுத்தாலும் பிரேக் போட்டாலும் சாய்ந்தாலும் அந்தத் துகள்கள் நகர்ந்து சொல்லிவிடும். கண்ணோ முன்சீட்டின் முதுகையும் போன் திரையையும் பார்த்துவிட்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில் மாட்டிக்கொண்ட மூளைதான் குமட்டலைக் கிளப்புகிறது. உட்செவியின் இந்தச் சமநிலை உறுப்புகள் இரு பக்கமும் முழுக்கச் செயலிழந்தவர்களை எவ்வளவு ஆட்டினாலும் இந்த வாந்தி வருவதில்லை.

சரி, முரண்பாடு வந்தால் வாந்தி எதற்கு? விஷம் உள்ளே போனாலும் கண்ணும் காதும் இப்படித்தான் ஒத்துப்போகாமல் போகும். அதனால் மூளை விஷம் என்று எண்ணி வயிற்றைக் காலி செய்கிறது என்று 1977இல் ட்ரைஸ்மன் என்ற உளவியல் ஆய்வாளர் சொன்னார். அழகான யோசனை, ஆனால் நிரூபணமாகவில்லை.

ஓட்டுநருக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. அவர் ரோட்டைப் பார்க்கிறார் என்பது மட்டும் காரணமில்லை. 1991இல் ரோல்னிக், லுபோ என்ற இரு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஆட்களை இரண்டிரண்டு பேராக ஒரே சுழற்சிக்கு உட்படுத்தினார்கள். ஒருவர் கையில் கட்டுப்பாடு, மற்றவர் சும்மா கூடவே சுற்ற வேண்டும். கட்டுப்பாடு வைத்திருந்தவருக்குத் தொந்தரவு குறைவு. அடுத்த கணம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று மூளைக்கு முன்பே தெரிந்தால் அது பதறுவதில்லை. வளைவில் ஓட்டுநரைக் கவனித்துப் பாருங்கள்: அவர் தலை வளைவின் உட்பக்கம் சாயும், பயணிகளின் தலை வெளிப்பக்கம் தள்ளப்படும். பயணியும் வேண்டுமென்றே உட்பக்கம் தலையைச் சாய்த்தால் குமட்டல் குறைகிறது என்று ஜப்பானில் தகாஹிரோ வாடா குழுவினர் 2012இல் காட்டினார்கள். காசில்லாத வைத்தியம்.

இன்னொரு வேடிக்கை: எலும்பை உலுக்கும் ஜீப் அவ்வளவாகக் குமட்டாது, மெத்தென்று மிதக்கும் பெரிய கார் குமட்டும். நம்மை அதிகம் வதைப்பது மெதுவான ஆட்டம், ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒரு தடவை. மலைப்பாதையில் அடுத்தடுத்து வரும் வளைவுகளும், பிரேக்கும் ஆக்ஸிலரேட்டருமாக மாறி மாறி மிதிக்கும் காலும் அந்தத் தாளத்துக்கு அருகில்தான் இருக்கின்றன. ஆகவே முதல் மருந்து ஓட்டுபவரின் பாதத்தில் இருக்கிறது.

2 வயதுக்குக் கீழே இந்தத் தொல்லை அபூர்வம். அதற்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். குட்டையான பிள்ளைக்கு ஜன்னல் விளிம்பும் சீட் முதுகும்தான் தெரியும். முன்கண்ணாடி தெரியும்படி உயர்த்தும் பூஸ்டர் சீட் உதவும். வாந்திக்கு முன்னால் உடம்பு எச்சரிக்கும். ஓயாமல் பேசிய பிள்ளை திடீரென்று வாயை மூடிக்கொள்ளும், கொட்டாவி விடும், மேலுதட்டில் வேர்வை பொடிக்கும், அப்புறம் வாய் நிறைய எச்சில் ஊறும். அந்த எச்சில் அமிலத்திலிருந்து பல்லைக் காக்க வருவது. அது வந்துவிட்டால் அதிக நேரம் இல்லை, ஓரங்கட்டிவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வாந்தி மாத்திரை என்று பொதுவாகக் கேட்டு வாங்கும் ஒண்டான்செட்ரான் வயிற்றுக் கோளாறு வாந்திக்கு நல்லது. பயண வாந்திக்குப் பெரிதாக உதவாது, இதன் வழியே வேறு. ப்ரோமெதசின், டைமென்ஹைட்ரினேட் வகைதான் இதற்கானது. அதையும் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபின் வயிறு மந்தமாகிவிடும், மாத்திரை அங்கேயே கிடக்கும். தூக்கம் வரவழைக்கும் என்பதால் ஓட்டுபவர் தொடக்கூடாது. 2 வயதுக்குள் ப்ரோமெதசின் கூடவே கூடாது. மற்ற பிள்ளைகளுக்கும் டாக்டரைக் கேட்டுத்தான். இஞ்சி மரப்பாவுக்கு ஆய்வுகள் இரண்டு விதமாகவும் சொல்கின்றன. கெடுதல் இல்லை, சப்பலாம்.

எல்லாம் மீறி சீட்டில் கொட்டிவிட்டது. தேய்க்காதீர்கள், தேய்த்தால் ஸ்பாஞ்சுக்குள் இறங்கும். பழைய அட்டையால் வழித்தெடுத்து, துணியால் ஒற்றியெடுங்கள். வெந்நீர் வேண்டாம், பாலும் முட்டையும் சூட்டில் உறைந்து நூலிழையைப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் போதும், அதையும் ஊற்றாமல் நனைத்துத் துடைக்க வேண்டும். பல கார்களில் சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயர்கள் ஓடுகின்றன.

அந்த வாடைக்குப் பெரிய காரணம் பியூட்ரிக் அமிலம். சிக்குப் பிடித்த வெண்ணெயிலும் இதே நாற்றம்தான். இது சுலபமாக ஆவியாகி மூக்கை எட்டும். ஈரமாக இருக்கும்போதே சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவினால் அமிலம் உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, நாற்றமும் வராது. சில மணி நேரம் விட்டு, காய்ந்தபின் வாக்வம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். சென்ட் அடிப்பது இரண்டு வாடையையும் சேர்த்துக் கொடுக்கும், அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே வேண்டாம். வயிற்று அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அதுவும் மூடிய காருக்குள்.

சீட் பெல்ட் அழுக்காகியிருந்தால் முழுக்க இழுத்து, சுருண்டுகொள்ளாமல் கிளிப் போட்டு, லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவிடுங்கள். கடுமையான ரசாயனம் பட்டால் நெசவு பலமிழக்கும். மறுநாளும் வாடை விடவில்லையென்றால் சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கையும் பெல்ட் பக்கிளின் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கிளுக்குள் காய்ந்து ஒட்டியிருந்தால் பூட்டு சரியாக விழாது. ஈரத்துணியால் துடைத்தும் கிளிக் சத்தம் வரவில்லையென்றால் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டும்வரை அந்த சீட்டில் யாரையும் உட்காரவைக்க வேண்டாம்.