அந்த பட்டனை விட்டுடுங்க தம்பி

நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில், தூறல் விழுந்த சாயங்காலம், ஒரு கார் சுழன்று பக்கச் சுவரில் பின்பக்கம் இடித்திருக்கிறது. ஓட்டியது என்னிடம் கார் ஓட்டப் பழகிய பையன். ஆளுக்கு அடியில்லை, பின் அலாய் வீல்தான் விளிம்பு தெறித்துக் கிடந்தது. அவரே அனுப்பிய போட்டோவில் டேஷ்போர்டில் வழுக்கும் கார் படம் மஞ்சளாக எரிகிறது, அடியில் ‘ஆஃப்’. வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி.யை (எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) பட்டனை அழுத்தி அமத்தியிருக்கிறார். ஏன்டா என்றால், “பவரைப் பிடிச்சு வைக்குது மாஸ்டர், அதான் அமத்திட்டேன்” என்கிறார்.

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

தம்பிகளா, இ.எஸ்.சி. பவரைப் பிடித்து வைப்பதில்லை. நேர் ரோட்டில் சக்கரம் வழுக்காமல் ஓடும்வரை அது சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் ஸ்டீயரிங் திருப்பிய பக்கம் ஒன்று, வண்டி போகும் பக்கம் வேறு என்று தெரிந்த பிறகே உள்ளே வரும். வந்தால், எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நிமிருமோ அதை மட்டும் பிடிக்கும். தேவைப்பட்டால் ஆக்ஸிலேட்டரையும் குறைக்கும். உங்கள் காலடியில் இருப்பது ஒரே பிரேக் பெடல். ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்க எந்தச் சூரனாலும் முடியாது. இ.எஸ்.சி.யை அமத்தினால் கூடுதலாக ஒரு குதிரைத்திறன்கூட வராது. சேற்றிலோ ஆற்று மணலிலோ சிக்கிச் சக்கரம் சுழல வேண்டியிருந்தால் அமத்துங்கள், வெளியே வந்ததும் போட்டுவிடுங்கள். வேறு வேலை அந்த பட்டனுக்கு ரோட்டில் இல்லை.

சூப்பர் கார் வீடியோ பார்த்துத்தான் அமத்தும் ஆசை வருகிறது. 1974-ல் விற்பனைக்கு வந்த லம்போர்கினி கவுன்டாக்கின் சாயலில், 2021-ல் அதே பெயரில் ஒன்றை அறிவித்து 112 கார் மட்டும் செய்தார்கள். ஆப்பு மாதிரி மூக்கு, மேலே தூக்கும் கதவு எல்லாம் அந்தக் காலத்துச் சாயல். அடியில் 12 சிலிண்டர் இன்ஜின், கூட மின்மோட்டார், நாலு சக்கரத்துக்கும் விசை, எல்லாவற்றுக்கும் மேலே கம்ப்யூட்டர். 800 குதிரைத்திறன் தாண்டும் காரையே இத்தனை காவல் போட்டு விற்றிருக்கிறான், நம்ம ஹேட்ச்பேக்குக்கு வேண்டாமாம்! பழைய ஜிடி40 பந்தயக் கார் மாதிரி வந்த 2005 ஃபோர்டு ஜிடியில் இ.எஸ்.சி. கிடையாதே என்று விவரம் தெரிந்த ஒரு தம்பி மடக்கினார். உண்மைதான். அதே கம்பெனி 2017 மாடலில் வைத்துவிட்டதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் பந்தய ஓட்டுநர் பயிற்சி. அங்கே முதல் பாடம் வேகம் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சீட்டில் உட்காரும் விதம், வளைவில் கண் எங்கே பார்க்கணும், பிரேக்கை பயப்படாமல் முழுசாக மிதிப்பது, அதற்கே பாதி நாள் ஓடிவிடும். வழுக்கிப் பழக ஈரத்தரை, பக்கத்தில் வாத்தியார், தலையில் ஹெல்மெட், வெளியே ஆம்புலன்ஸ். ரிங் ரோட்டில் பக்கத்தில் யார்? எதிர்த்திசையில் வரும் டிவிஎஸ் 50. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போய்விடுவீர்கள், கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே.

இன்னொன்று, பாலத்தில் இடித்த அந்தக் காரின் முன் டயர் இரண்டும் புதுசு, பின் டயரில் 2918. அதாவது 2018-ல் 29-வது வாரம் செய்தது. இரண்டு டயர்தான் மாற்றக் காசிருந்தால் புதுசைப் பின்னால் போடுங்கள். கடைக்காரர் முன்னால் போடச் சொன்னாலும் கேட்காதீர்கள். முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் உங்களால் முடியாது. வறண்டு கிடந்த ரோட்டில் முதல் தூறல் விழுந்தால் எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும், அந்தக் கொஞ்ச நேரம் தயவுசெய்து மெதுவாகப் போங்கள்.

ஆசை அடங்காவிட்டால் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்குக்குப் போங்கள், இல்லை கோவை செட்டிப்பாளையம் டிராக்குக்கு. நானே வழி சொல்கிறேன். போகும் முன் உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ பகுதியை எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இரண்டையும் வழக்கமான பாலிசி விலக்கிவைத்திருக்கும். டிராக்கில் இடித்தால் செலவு உங்கள் அப்பாவுடையது.