பெங்களூரில் ஓர் அரிய செடியைக் காப்பாற்ற எந்த மனுவை எங்கே கொடுப்பது?

தயிர்சாதத்துக்கு மாகாளிக்கிழங்கு ஊறுகாய் கேட்கிற வீடுகள் மல்லேஸ்வரத்தில் இன்னும் உண்டு. சாவனதுர்கா மாதிரிப் பாறைக் குன்றுகளின் இடுக்கில் படரும் ஒரு கொடியின் வேர்தான் அந்தக் கிழங்கு. வேரைத் தோண்டினால் பெரும்பாலும் கொடியே போய்விடும். தென்னிந்தியாவுக்கே உரிய இந்தக் கொடியை பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. இதைப் போன்ற ஒரு செடி உங்கள் பேட்டையை ஒட்டிய ஏரிக்கரையிலோ, கல்குன்றிலோ, குண்டுதோப்பு எனும் பழைய ஊர்ப் பொதுத் தோப்பிலோ நின்றால் அதைக் காக்கச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

வனத்துறையில் புகார் கொடுப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 17ஏ பிரிவு சில செடிகளைப் பறிப்பதையும் வேரோடு பிடுங்குவதையும் தடை செய்கிறது. திருப்பதி மலைப் பக்கத்தில் வளரும் பெட்டோம் சைக்கஸ், மேகாலயக் குடுவைச் செடி, நீல வாண்டா ஆர்க்கிட் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆனால் பட்டியல் சின்னது. அதோடு அந்தத் தடை காட்டு நிலத்துக்கும் மத்திய அரசு தனியே அறிவித்த இடங்களுக்கும்தான். நகர எல்லைக்குள் இருக்கும் ஒரு புறம்போக்குப் பாறையில் வளரும் கொடிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976 மரத்துக்கானது. புல், கொடி, கிழங்கு எதுவும் அதில் வராது.

மீதி இருப்பது பல்லுயிர்ச் சட்டம், 2002. 2023இல் திருத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறையில் உள்ளது. இந்தச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் நமக்கு வேண்டும். 38ஆம் பிரிவின் கீழ், அழியும் நிலையில் உள்ள இனங்களை மாநில அரசோடு கலந்து மத்திய அரசு அறிவிக்கலாம். அவற்றை எடுப்பதைத் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம். இந்த அறிவிக்கைகள் மாநிலவாரியாக வரும். சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தளத்தில் அவற்றைப் பார்க்கலாம். 37ஆம் பிரிவு இடத்தைக் காக்கிறது: மாநில அரசு உள்ளாட்சியோடு கலந்து ஓர் இடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அரசிதழில் அறிவிக்கலாம். 41ஆம் பிரிவின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்தாக வேண்டும். குடிமகன் நேராகப் போய்த் தட்டக்கூடிய கதவு இந்தக் கடைசிப் பிரிவுதான்.

குழுவில் குறைந்தது ஏழு, அதிகபட்சம் பதினொரு உறுப்பினர்கள். அதன் தலையாய வேலை, அந்த எல்லைக்குள் உள்ள உயிர்வளத்தைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதி வைத்துக்கொள்வது. தேசிய ஆணையமும் மாநில வாரியமும் அந்த எல்லைக்குள் இருக்கும் உயிர்வளம் பற்றி முடிவெடுக்கும்போது குழுவைக் கலந்துகொள்ள வேண்டும். வணிகத்துக்காக எடுப்பவரிடம் குழு கட்டணமும் வாங்கலாம்.

பெங்களூரில் இப்போது ஒரு சிக்கல் உண்டு. பி.பி.எம்.பி. என்ற ஒரே மாநகராட்சி இனி இல்லை. 2025 செப்டம்பர் முதல் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகள். செடி நிற்கும் இடம் எந்த மாநகராட்சிக்குள் வருகிறதோ அதன் ஆணையருக்குத்தான் மனு போக வேண்டும். பழைய முகவரிக்கு அனுப்பினால் கைமாறிக் கைமாறி மாதங்கள் ஓடிவிடும். நகரைத் தாண்டினால் கிராம பஞ்சாயத்துக்கே தனிக் குழு இருக்க வேண்டும். எங்கே கொடுத்தாலும் ஒரு நகலை மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் வனவிகாஸ் கட்டடத்தில் இருக்கும் கர்நாடகப் பல்லுயிர் வாரியத்துக்கும் கொடுங்கள். மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். தெரியாதென்றால் அக்கம்பக்கத்தில் எழுதித் தர ஒருவர் கிடைப்பார். தமிழிலோ ஆங்கிலத்திலோ கொடுத்த மனுவைவிட அது சீக்கிரம் நகரும்.

பதிவேட்டில் எப்படி ஏற வேண்டும்

பதிவேட்டில் இல்லாத செடியைப் பற்றி எந்த அதிகாரியிடமும் வாதாட முடியாது. 'இங்கே அப்படி எதுவும் இல்லையே' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பதிவேட்டில் ஏறியிருந்தும் பயனற்றுப் போகும் பதிவுகளும் நிறைய. வெளியாள் ஒருவர் நூலில் இருந்து முந்நூறு பெயர்களை எடுத்து ஒட்டியிருப்பார். எந்தச் செடி எந்த சர்வே எண்ணில் என்று இருக்காது. பெயரோடு இடமும் சேர்ந்தால்தான் அது சான்று.

அதனால் முதலில் நிலத்தைப் பிடியுங்கள். அங்கேயே நின்று கைப்பேசியில் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியைத் திறந்தால் கால் பதிந்த இடத்தின் சர்வே எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்கு அரசின் 'பூமி' நில ஆவணத் தளத்தில் பஹணி எனும் நிலப் பதிவை எடுங்கள். கோமாளம் (மேய்ச்சல் நிலம்) என்றோ, குண்டுதோப்பு என்றோ, கராபு என்றோ எழுதியிருக்கும். ஏ கராபு, ஒருவருடைய நிலத்துக்குள் பயிர் செய்ய முடியாத பகுதி. பி கராபு பொதுப் பயனுக்கானது. அரிய செடிகள் பெரும்பாலும் இந்தக் கராபில்தான் தங்கியிருக்கும், உழவு ஏறாததால். வேறு திட்டத்துக்கு முதலில் கைமாறுவதும் அதே கராபுதான். 'வெற்று நிலம்' என்ற சொல்லைக் கோப்பில் பார்த்தால் உஷாராகுங்கள்.

அடுத்தது பெயர். பெங்களூர்த் தமிழர்கள் வழுக்கி விழும் இடம் இது. மாகாளிக்கு இங்கே மாகளி பேரு என்று பெயர், அறிவியல் பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனி. நன்னாரிக்கு சொகதே பேரு, ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். நன்னாரி சர்பத் என்று விற்பதில் மாகாளி வேரும் கலந்திருப்பது உண்டு. மணம் ஓரளவு ஒன்றுபோல இருக்கும். பதிவில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதினால், எங்கும் கிடைக்கும் செடியைக் காப்பாற்றச் சொன்னதாகி மனு அடிபட்டுப் போகும். தமிழ்ப் பெயர், கன்னடப் பெயர், அறிவியல் பெயர் மூன்றும் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் இந்திய அறிவியல் கழகத்திலும் ஜி.கே.வி.கே. எனும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலும் தாவரவியல் ஆட்கள் இருக்கிறார்கள். படம் அனுப்பும்போது முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், பூ, காய், பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல், இத்தனையும் வேண்டும். பூ இல்லாத படத்தை வைத்து இனம் சொல்வது பெரும்பாலும் ஊகம். மாதிரிக்காக என்று அரிய செடியைப் பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஒருமுறை பார்த்துவிட்டுப் பட்டியல் எழுதுவதும் தவறு. பாறை மேல் மழைக்காலத்தில் தேங்கும் ஈரத்தில் அழுகண்ணி மாதிரிப் பூச்சியுண்ணும் செடிகள் முளைத்துச் சில மாதங்களில் காய்ந்துவிடும். கிழங்குக் கொடிகள் பலவும் கோடையில் தரைக்கு மேல் தலை காட்டாது. மார்ச்சில் போனவர் மொட்டைப் பாறை என்றே எழுதுவார். ஜூலை, அக்டோபர், பிப்ரவரி என மூன்று முறையாவது போங்கள். பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி எண்ணுங்கள்: வளர்ந்தவை எத்தனை, நாற்று எத்தனை, காய்த்தது எத்தனை. வளர்ந்தவை மட்டும் நின்று நாற்று ஒன்றுகூட இல்லையென்றால் அடுத்த தலைமுறை வரவில்லை என்று பொருள். மனுவில் இதை முதல் பத்தியிலேயே போடலாம்.

முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்றும் பதிவேட்டுப் படிவம் கேட்கும். மாடு மேய்த்த பெரியவர்களிடம் கேட்டு நிரப்ப வேண்டிய கட்டம் அது; அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்ப முடியாது.

இடக்குறிப்பை ஐந்து தசம இலக்கத்தில் எழுதினால் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குத் துல்லியம். குழுவுக்குக் கொடுக்கும் நகலில் அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவிலோ இணையத்திலோ போடுவதானால் இரண்டு தசமத்தோடு நிறுத்துங்கள், ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் தேடட்டும். வேருக்கு விலை இருக்கும் செடியின் இடத்தை ஊருக்குச் சொல்வது, தோண்டுபவனுக்கு வழி சொல்வது.

வணிகத்துக்கு எடுப்பவர்கள்

உள்ளூர் மக்கள், வளர்ப்பவர்கள், நாட்டு வைத்தியர்கள் ஆகியோருக்குப் பல்லுயிர்ச் சட்டத்தில் விலக்கு உண்டு. வீட்டு ஊறுகாய்க்கு நாலு கிழங்கு எடுக்கும் கிராமத்துப் பாட்டியை இந்தச் சட்டம் தொடாது. கிராமத்தில் பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வணிகத்துக்காக மூட்டை மூட்டையாக எடுப்பவர் மாநில வாரியத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். மீறினால் முன்பு சிறையும் இருந்தது. இப்போது அபராதம் மட்டும்: ₹1 லட்சம் முதல் ₹50 லட்சம் வரை. தொகை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் மாநில அரசின் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்துத்தான் விதிக்க முடியும். குன்றில் கடப்பாரையோடு நிற்பவனை அன்றைக்கே நிறுத்த இது உதவாது என்பது எங்கள் கருத்து.

பாரம்பரியத் தலம்

நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் பெங்களூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: தேவனஹள்ளியை அடுத்த நல்லூர் புளியந்தோப்பு, 2007. ஹெப்பாளைத் தாண்டி பல்லாரி சாலையில் இருக்கும் ஜி.கே.வி.கே. வளாகம் 2010இல் அறிவிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அப்படியிருந்தும் தோப்பின் வயதும் ஊரோடு அதற்கிருந்த உறவும் தகுதியைத் தந்தன. அரிய இனம், வேறெங்கும் இல்லாத இனம், பயிர்களின் காட்டு மூதாதை, பண்பாட்டு மதிப்பு என்று தகுதிக்கான வாசல்கள் பல. உங்கள் இடம் எதில் நுழைகிறது என்று ஒன்றிரண்டைத் தேர்ந்து அழுத்திச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அடுக்கினால் எதையும் நம்ப மாட்டார்கள்.

வழி இதுதான்: குழு தீர்மானம் போட்டு வாரியத்துக்கு அனுப்பும், வாரியம் ஆய்ந்து மக்களிடம் கருத்துக் கேட்டு அரசுக்குப் பரிந்துரைக்கும், அரசு அரசிதழில் வெளியிடும். மேய்ச்சல், விறகு போன்ற வழக்கங்களை மக்களே ஒப்புக்கொண்டாலொழிய நிறுத்தக் கூடாது என்பது தேசிய ஆணையத்தின் வழிகாட்டுதல். அறிவிப்பால் பிழைப்பு பாதிக்கப்படுபவருக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டியதும் மாநில அரசின் கடமை.

இந்தப் பட்டத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு மதுரையின் அரிட்டாபட்டி நல்ல எடுத்துக்காட்டு. 2022இல் அது பாரம்பரியத் தலமானது. அப்படியிருந்தும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கான நிலத்துக்குள் 2024இல் அதையும் சேர்த்தார்கள். பட்டம் தானாக எதையும் தடுக்கவில்லை. ஆனால் ஊர் எழுந்தபோது கையில் பிடிக்க அரசிதழ் ஒன்று இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

நல்லெண்ணத்தால் கெடுவதும் உண்டு. புல்வெளியில் மரம் நடுவது அதில் முதலாவது. ஹெசரகட்டா மாதிரிப் புல்வெளியில் நிழல் விழுந்தாலே அங்கே வாழ வேண்டிய புல்லும் சிறு செடிகளும் போய்விடும். செடியைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுக் 'காப்பாற்றுவது' இரண்டாவது. பாறையிடுக்கு வேர் முழுதாக வராது, வந்தாலும் அந்த மண் கூட வராது. நடைபாதை, மின்விளக்கு, சிமெண்ட் கரை என்று பணம் ஒதுக்கிய பிறகு மறுப்புச் சொல்வது கடினம். ஆகவே மேலாண்மைத் திட்டம் வேண்டுமென்று மனுவிலேயே எழுதி, எதெல்லாம் கூடாது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

மனு கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் ₹10. கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள்தான், 150 சொற்களுக்குள். 'பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்த ஆணையின் நகல், உறுப்பினர் பட்டியல், கடைசியாக நடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, பதிவேட்டில் இன்ன சர்வே எண்ணுக்கான பக்கம்' என்று ஆவணமாகக் கேளுங்கள். 'ஏன் காப்பாற்றவில்லை' என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். பதில் 30 நாளில் வர வேண்டும். குழுவே அமைக்கப்படவில்லை என்று எழுத்தில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த மனுவை 41ஆம் பிரிவின் கீழ் நேராக ஆணையருக்கு எழுத அது போதும்.