‘ரெஃபர்’ வந்த குழந்தை அடுத்து எங்கே போகிறது?

பிறந்து இரண்டு நாளான குழந்தை. வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு அம்மாவின் மடியில் தூங்குகிறது. ஊட்டிக் குளிருக்குக் குல்லாய் போட்டிருக்கிறார்கள். அதை ஒரு பக்கம் மட்டும் மெல்ல ஒதுக்கி, சுண்டைக்காய் அளவு ரப்பர் முனை ஒன்றைக் காதில் பொருத்துகிறேன். கருவி டிக் டிக் என்று சன்னமாகச் சத்தம் அனுப்பும். உட்செவியில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் சரியாக வேலை செய்தால், அவை ஒரு சிறிய எதிரொலியைத் திருப்பித் தரும். காது கேட்பது மட்டுமல்ல, தானும் ஒலி எழுப்பும் என்று லண்டனில் டேவிட் கெம்ப் 1978ல் கண்டு சொன்னதிலிருந்து வந்த பரிசோதனை இது. ஓ.ஏ.இ. என்போம். வலி இல்லை, ஊசி இல்லை, குழந்தை அமைதியாக இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரையில் ‘பாஸ்’ என்று வரும், இல்லையென்றால் ‘ரெஃபர்’, அதாவது மறுபடி பார்க்க வேண்டும் என்று வரும்.

நீலகிரியில் ஆடியாலஜிஸ்டாக, அதாவது செவித்திறனைப் பரிசோதிப்பவராக வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பரிசோதனை செய்வது சுலபம். ரெஃபர் வந்த குழந்தையை மறுபடி பார்ப்பதுதான் கஷ்டம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரெஃபர் என்றால் காது கேட்காது என்று அர்த்தம் இல்லை. பிறந்த முதல் ஓரிரு நாளில் பனிக்குட நீரோ, தோலில் ஒட்டியிருக்கும் வெண்மையான மாவோ காதுக்குள் தங்கியிருக்கலாம். குழந்தை அழுதிருக்கலாம், வார்டில் சத்தம் இருந்திருக்கலாம். மறுபடி பார்க்கும்போது பெரும்பாலான குழந்தைகள் பாஸ் ஆகிவிடுவார்கள். அப்போதும் ரெஃபர் வந்தால் ‘பெரா’ என்ற பரிசோதனை. தலையில் சிறு ஒட்டுகள் ஒட்டி, சத்தம் நரம்பு வழியாக மூளைத் தண்டு வரை போகிறதா என்று பார்ப்போம். இன்குபேட்டரில் இருந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைக்கும் ஓ.ஏ.இ. பாஸ் ஆனாலும் பெரா தேவை. மயிரணுக்கள் நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. அதைக் காட்டாது.

ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று முதல் மூன்று பேர் வரை செவித்திறன் குறைவோடு பிறக்கிறார்கள் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. எங்கள் துறையில் 1-3-6 என்று ஒரு விதி உண்டு. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் காது கருவியும் பயிற்சியும். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழியில் நன்றாக முன்னேறினார்கள் என்று அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு 1998லேயே காட்டிவிட்டது.

சரி, எங்கள் மலையில் இந்த ஆறு மாதம் எப்படிக் கரைகிறது? பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் ஊருக்குப் போய்விடுவார். பதிவேட்டில் இருக்கும் போன் எண் அவருடையதாக இருக்காது. தம்பியுடையது, அவனும் சிம் மாற்றியிருப்பான். தேயிலை பறிப்பவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். ஐப்பசி மழையில் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் வர முடியாது. பந்தலூர்ப் பக்கம் விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க யானை நடமாட்டத்தைப் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இதற்கெல்லாம் மேலே, வீட்டில் ஒரு பெரியவர் சொல்வார்: “கை தட்டினா திரும்புறானே, அப்புறம் என்ன?”

இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கைக்குழந்தையைப் போர்த்திக்கொண்டு இரண்டு பஸ் மாறி வரச் சொல்வது நாம்தான். அந்தத் தூரத்தைக் குறைப்பதும் நம் வேலைதான்.

நாங்கள் கையில் எடுத்தது ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்த இரண்டு பொருள்களை. ஒன்று வாட்ஸ்அப் குழு, இன்னொன்று கூகுள் ஷீட். பிரசவ வார்டு சிஸ்டர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் இருப்பவர்கள், நான். ஷீட்டில் ரெஃபர் வந்த குழந்தைக்கு ஒரு வரி. பெயர் கிடையாது, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அம்மாவுக்கு அரசு தரும் பிக்மி எண் மட்டும். எந்தக் காது, அடுத்து எந்த நாள், இப்போது எந்த ஊர், மூன்று மாதம் கழித்து எந்த ஊர். கடைசியாக ‘யார் பார்ப்பார்’ என்று ஒரு கட்டம்.

அந்தக் கடைசிக் கட்டத்தைத் தொடக்கத்தில் வைக்கவில்லை. குழுவில் செய்தி போடுவேன், வரிசையாகக் கட்டைவிரல் படம் வரும், எனக்கும் நிம்மதியாக இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் யாருமே அந்த வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் போவார் என்று நினைத்திருப்பார்கள். இப்போது ஒரு வரிக்கு ஒரு பெயர். அவர் அழைத்தாரா, எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது என்று அவரே எழுத வேண்டும். மறுபரிசோதனை ஒரு மாதத்துக்குள் முடியாமல் போனால் அதை ஒன்றரை மாதத் தடுப்பூசியோடு சேர்த்துவிடுகிறோம். ஊசிக்கு எப்படியும் வருவார்கள். புதன்கிழமை எந்தத் துணை சுகாதார நிலையத்தில் எந்தக் குழந்தை என்று முந்தின நாளே ஷீட்டைப் பார்த்து, ஓ.ஏ.இ. கருவியைப் பையில் போட்டுக்கொண்டு நானே போய்விடலாம்.

ஒரு குழந்தை விஷயத்தில் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். குழு தொடங்கிய புதிதில், அவசரத்தில், குழந்தையின் பெயர், அப்பா பெயர், எஸ்டேட் லைன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) எல்லாம் சேர்த்து ‘இரண்டு காதும் ரெஃபர்’ என்று போட்டுவிட்டேன். அது குழுவைத் தாண்டிப் போனது. அந்தத் தாய்க்கு நான் விளக்கிச் சொல்வதற்கு முன்பே பக்கத்து லைன் வீட்டார் வந்து, “உன் பிள்ளைக்குக் காது கேட்காதாமே” என்று துக்கம் விசாரித்திருக்கிறார்கள். மறுபடி பார்த்தபோது அந்தக் குழந்தை பாஸ். ஆனால் நடுவில் அந்தப் பெண் பால் கொடுத்துக்கொண்டே அழுத நாட்களை என்னால் திருப்பித் தர முடியாது. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து குழுவில் பெயர் இல்லை, படம் இல்லை, ரிப்போர்ட் போட்டோ இல்லை. ஷீட்டும் ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று இல்லாமல், ஒவ்வொருவருடைய மின்னஞ்சலுக்கும் தனித்தனியாகத் திறக்கப்பட்டது. பணி மாறிப் போகிறவரை அன்றே நீக்குகிறோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023லிருந்து சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் குழந்தையின் காதைப் பற்றிய முதல் செய்தி தாய்க்குத்தான் போக வேண்டும், அதுவும் நேரில்.

ஊர் மாறும் குழந்தைக்கு இந்த வலை எவ்வளவு உதவும் என்பதை ஒரு தாயால் உணர்ந்தேன். கோத்தகிரியில் பிரசவம், கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இரண்டாவது முறையும் ரெஃபர். “அடுத்த வாரம் கிளம்புறோம் மேடம்” என்றார். முன்பு என்றால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருப்பேன், அது பையின் அடியில் கசங்கியிருக்கும். இந்த முறை ஆடியாலஜிஸ்டுகளாகிய எங்கள் குழுவில் பெயர் சொல்லாமல் கேட்டேன். திருப்பூரில் இருக்கும் ஒருவர் ஒத்துக்கொண்டார். அந்தத் தாயின் அனுமதியோடு மூவரும் வீடியோ காலில் பேசினோம். முகம் பார்த்துவிட்டதால் அந்த ஊரில் அந்த ஆடியாலஜிஸ்டைத் தேடிப் போகத் தாய்க்குத் தயக்கம் வரவில்லை. மூன்று மாதம் முடியும் முன்பே பெரா முடிந்தது. இரண்டு காதிலும் குறைபாடு உறுதியானது, ஐந்தாம் மாதம் காது கருவி மாட்டினார்கள்.

பெராவையே தூரத்திலிருந்து செய்யலாம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவைச் சேர்ந்த ஆடியாலஜிஸ்டுகள் கிராமங்களுக்கு வேன் அனுப்பி, செயற்கைக்கோள் இணைப்பில் அதைச் செய்து காட்டி ஆய்வும் வெளியிட்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற உதவியாளர் ஒட்டுகளைப் பொருத்துவார். கணினியை வேறு ஊரிலிருந்து ஆடியாலஜிஸ்ட் இயக்குவார். மலையில் இதற்கு இரண்டு விஷயம் ஒன்றாக அமைய வேண்டும் என்பேன்: குழந்தை தூங்க வேண்டும், அந்த நேரத்தில் மழையும் கரண்டும் தொந்தரவு செய்யாமல் நெட்வொர்க் நிற்க வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு இது கட்டாயம் வர வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் கூட்டத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர் எனக்கு நிறைய வீடியோ அனுப்புகிறார்கள். தட்டைத் தட்டுவார்கள், குழந்தை திரும்பும். தயவுசெய்து அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழந்தை கையின் அசைவைப் பார்க்கிறது, தட்டும்போது கட்டில் அதிர்வதை உணர்கிறது. ஒரு காது மட்டும் கேட்டாலும், பலத்த சத்தம் மட்டும் கேட்டாலும் திரும்பும். காதில் எண்ணெய் விட்டால் சரியாகும் என்று பரவும் செய்தியையும் நம்ப வேண்டாம், விடவும் வேண்டாம்.

நான் எத்தனை விளக்கினாலும் எட்டாத இடத்துக்குக் குரல் செய்தி எட்டுகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது போதும். படுக மொழியில் ஒரு சிஸ்டர் பேசி அனுப்புவார், பணியர் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அங்கேயே வளர்ந்த ஒரு பெண் பேசுவார். திருப்பூர் போன அந்தத் தாயும் இப்போது, தானாக முன்வந்து, புதிதாக ரெஃபர் வந்த அம்மாக்களுக்குப் பேசி அனுப்புகிறார். “நானும் ரொம்ப அழுதேன்க்கா. நீங்க அந்த ரெண்டாவது டெஸ்டுக்கு மட்டும் போயிடுங்க” என்று ஆரம்பிப்பார். பின்னால் அவர் குழந்தையின் மழலை கேட்கும்.

இன்றைக்கு ஷீட்டில் ஒரு வரி இன்னும் முடியாமல் மஞ்சளாகவே இருக்கிறது. பந்தலூர்ப் பக்கம், இடது காது, போன் அணைந்திருக்கிறது. ‘யார் பார்ப்பார்’ என்ற கட்டத்தில் என் பெயர். புதன்கிழமை ஊசி நாள். முதல் பஸ்ஸில் போகிறேன்.