காத்தாட விட்ட புண்

அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, வைகைக் கரையிலிருந்து மாட்டுத்தாவணி வரை உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடந்தார் பெரியப்பா. தார் ரோடு சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. பல வருஷத்துச் சர்க்கரையில் கால் மரத்துப் போயிருந்தது. மேலூருக்குப் போய்க் கால் கழுவும்போது பெரியம்மாதான் பார்த்தார்: வலது பெருவிரலுக்கு அடியில் தோல் கழன்று கிடந்தது. மஞ்சளை அப்பி, "காத்தாட விடுங்க, ஆறிரும்" என்றார்.

நம் ஊரில் எல்லார் வாயிலும் வருவதுதான். ஆனால் அது சரியில்லை. 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற பிரிட்டன் ஆய்வாளர், பன்றித் தோலில் இருந்த சிறு காயங்களில் சிலவற்றைத் திறந்து விட்டார். சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காய்ந்த புண்ணில் பொருக்குத் தட்டிவிடும். ஓரத்திலிருந்து ஊர்ந்து வரும் தோல் செல்கள் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழத்தில் வழி பார்த்துப் போகவேண்டும். ஈரமான புண்ணில் அந்தப் பாடு இல்லை. அதற்காகச் சொதசொதவென்று விடக்கூடாது. ஓரத்தோல் ஊறி வெளுத்தால் அதுவும் கெடுதல்தான்.

அப்புறம் வாராவாரம் மதுரைக்குக் கூட்டிவந்தோம். கட்டுப் போட்ட சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் காகித ஸ்கேலை வைத்து நீளம், அகலம் அளந்து நோட்டில் எழுதினார். முதல் நாள் 4-க்கு 3 செ.மீ., பெருக்கினால் 12. நாலாவது வாரம் 10.5. எங்கள் கண்ணுக்குச் செக்கச்செவேலென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சர்க்கரைக் கால் புண் நான்கு வாரத்தில் பாதியாகச் சுருங்காவிட்டால், அதே வைத்தியத்தில் ஆறுவது சந்தேகம். சிஸ்டர் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

புண் எலும்பு வரை போயிருக்கிறதா என்று மழுங்கிய கம்பி விட்டுப் பார்த்தார்கள், எலும்பு தட்டவில்லை. கணுக்காலில் பிபி பார்த்து, கையின் பிபியால் வகுத்தார்கள், 0.9-க்குக் குறைந்தால் காலுக்கு ரத்தம் சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக்குழாய் விறைத்து இந்த எண் பொய்யாக ஏறும் என்பதால் கால்விரலிலும் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் சரி. சீழும் இல்லை.

முடிச்சை அவிழ்த்தது தரை துடைக்கும் அக்கா. "ஐயா பஸ்ஸ்டாப்புலருந்து வெறுங்காலோடதான வர்றாரு சிஸ்டர். செருப்பு பைக்குள்ள இருக்கு." கட்டுப் போட்ட கால் செருப்புக்குள் நுழையவில்லை. அவர் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வலி இருந்தால் மனுஷன் நொண்டுவான். நொண்டினால் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். மரத்த காலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் புதுத்தோலை நசுக்கும். வேலூரில் பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளின் மரத்த கால் புண்களை மாவுக்கட்டுப் போட்டே ஆற்றினார். கட்டு, பாரத்தைப் பாதம் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பெரியப்பாவுக்கும் அதே கட்டுதான். வாரம் ஒருமுறை பிரித்து, அளந்து, மறுபடி போட்டார்கள். மூன்றாவது தடவை பிரித்தபோது நோட்டில் 4 என்று எழுதினார் சிஸ்டர். பெரியப்பா எட்டிப் பார்த்து, "எம்புட்டும்மா?" என்றார்.