பள்ளி அகாடமி ஆனால் ஆர்.ஈ. (சமயக் கல்வி) பாடத்தை யார் பார்ப்பது?

லண்டனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர். மகன் இயர் 4. கையில் கசங்கிய பணித்தாள்: "இந்துக் கடவுள் ஒருவரின் பெயரை எழுதி, படம் வரைக." பையன் வேலோடு முருகனை வரைந்திருந்தான். பக்கத்தில் பச்சை மையில் ஒரு கேள்விக்குறி.

"மிஸ், இது பிழையோ? பிழை எண்டால் நான் இவனுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

பிழையே இல்லை. அந்த ஆசிரியரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையிலிருந்த பாடத்தில் பிரம்மா, விஷ்ணு, சிவன் மட்டுமே இருந்திருப்பார்கள். பள்ளி சில வருடங்களுக்கு முன் அகாடமியாகி, அதாவது கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) கையை விட்டு அரசு நிதியில் நேரடியாக இயங்கும் பள்ளியாகி, பல பள்ளிகளை நடத்தும் ஒரு டிரஸ்டின் கீழ் போய்விட்டது. டிரஸ்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே ஆர்.ஈ. பாடம். எங்கள் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் முருகனும் உண்டு, தைப்பொங்கலும் உண்டு. அதைத் தயாரித்த மேசையில் கோயில் சார்பில் ஒருவர் உட்கார்ந்து விடாமல் கேட்டதால் வந்தவை அவை.

இங்கிலாந்தில் ஆர்.ஈ. ஒரு விசித்திரமான பாடம். கட்டாயம், ஆனால் தேசியப் பாடத்திட்டத்தில் இல்லை. 1944 சட்டத்திலிருந்து அதை உள்ளூரிலேயே பேசி முடிவு செய்கிறார்கள். 1988 சட்டம் ஒவ்வொரு கவுன்சிலும் இதற்கென ஓர் ஆலோசனைக் குழுவை வைத்தே ஆகவேண்டும் என்றது. ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக அதைச் சாக்ரே (SACRE) என்போம். அதில் ஆசிரியர் தரப்பில் எனக்கும் ஒரு நாற்காலி. மொத்தம் நான்கு பிரிவுகள், பிரிவுக்கு ஒரே வாக்கு. இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தனியாக ஒன்று; இந்து, முஸ்லிம், சீக்கியர், யூதர், கத்தோலிக்கர் எல்லோருக்கும் சேர்த்து ஒன்று! ஆனாலும் பாடத்திட்டத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தும் மாநாட்டில் நான்கு பிரிவுகளும் ஒருமனதாகச் சம்மதிக்கவேண்டும். சின்னக் குரலுக்கு அங்கே பலம் உண்டு.

2010 அகாடமிச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஏற்பாடு கரைந்துகொண்டே வருகிறது. அகாடமியும் ஆர்.ஈ. கற்பிக்கத்தான் வேண்டும், அரசோடு செய்யும் நிதி ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. கவுன்சிலின் பாடத்திட்டத்தைப் பின்பற்றவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. இன்று செகண்டரிப் பள்ளிகளில் பத்தில் எட்டுக்கும் மேல் அகாடமிகள். சாக்ரே அவற்றுக்குக் கடிதம் எழுதலாம், கூட்டத்துக்கு அழைக்கலாம். அதற்கு மேல் கேட்க அதிகாரமில்லை. நாங்கள் எழுதினோம், வந்த பதில்களை எண்ண ஒரு கை போதும். போன குளிர்காலக் கூட்டத்தில் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான். கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) சேருமா என்று கிளார்க் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்துப் பிரதிநிதியின் நாற்காலி காலி.

பெற்றோர் முதலில் பள்ளியின் வெப்சைட்டில் ஆர்.ஈ. பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறகு ஒரே கேள்வி: "நீங்கள் கற்பிப்பது கவுன்சில் பாடத்திட்டமா, டிரஸ்டின் சொந்தப் பாடமா?" சொந்தப் பாடம் என்றால் குறையை டிரஸ்டிடம்தான் சொல்லவேண்டும். பிள்ளையை ஆர்.ஈ. வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். எல்லோரும் ஈஸ்டர் பற்றிப் பேசும்போது லைப்ரரி மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே பாடம் மறைமாவட்டத்தின் பொறுப்பு.

2025 நவம்பரில் வெளியான அரசின் பாடத்திட்ட மீளாய்வு, ஆர்.ஈ.யைப் படிப்படியாகத் தேசியப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது. அகாடமி, கவுன்சில் பள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே அடித்தளம் வருவது எனக்குச் சம்மதமே. ஆனால் லண்டனின் ஒரு மூலையில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள் என்பது தேசியக் குழுவுக்கு எப்படித் தெரியும்? அதற்கு உள்ளூர் மேசை வேண்டும்.

சாக்ரே கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, தேதி கவுன்சில் வெப்சைட்டில் இருக்கும் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். நாற்காலி காலியாக இருப்பதையும் சொன்னேன். பணித்தாளை மடித்துக் கைப்பையில் வைத்தபடி கேட்டார்: "பின்னேரம் எத்தினை மணிக்கு மிஸ்? ஆறு மணிக்கு முந்தி எண்டால் நான் ஷிஃப்ட் மாத்தவேணும்."