தர்மாஸ்பத்திரி என்று கூச்சப்படாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவில் டாக்டராக இருக்கிறேன். சர்க்கரை நோயால் கால் எடுக்க வருபவர்களில் நம் தமிழ் ஆயாக்களையும் தாத்தாக்களையும் அடிக்கடி பார்க்கிறேன். மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் ஆயாவைக் கூட்டி வந்தார்கள். கட்டைவிரல் கறுத்து, புண் பாதம்வரை ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "சாப்பிட்டேன்மா, ஒருநாள் விட்டு ஒருநாள்" என்றார். தனியார் டாக்டருக்குக் காசு, கடையில் மாத்திரைக்குக் காசு, பென்ஷன் பணத்தில் கரண்டு, தண்ணீர், பேரனின் ஸ்கூல் எல்லாம் போக மிஞ்சியதில் அவ்வளவுதான் வாங்க முடிந்திருக்கிறது. நடக்கிற தூரத்தில் அரசு கிளினிக் இருக்கிறதே ஆயா என்றேன். "தர்மாஸ்பத்திரி வாசலில் போய் நிற்கவா மூன்று பிள்ளைகளை வளர்த்தேன்?" என்றார்.

அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் ஒரு காலத்தில் பொருள் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்காக, வணிகர் பார்சி ருஸ்தம்ஜி கொடுத்த பணத்தில் டாக்டர் பூத் இங்கே ஒரு சின்னத் தர்மாஸ்பத்திரி நடத்தினார். காந்தி காலையில் அங்கே போய், வந்தவர்களிடம் என்ன உபாதை என்று கேட்டு டாக்டரிடம் சொல்லி, மருந்தும் கொடுத்துவிட்டுத்தான் தன் வக்கீல் வேலைக்குப் போவார். அவர் பார்த்த நோயாளிகள் நம்மவர்கள்தான்: தமிழர், தெலுங்கர், வட இந்தியர். அப்புறம், 1932-இல் இறந்த வழக்கறிஞர் ஆர். கே. கான் விட்டுச்சென்ற சொத்தில் ஓர் அறக்கட்டளை உண்டாகி, அவர் பெயரிலேயே 1969-இல் சாட்ஸ்வொர்த்தில் ஆஸ்பத்திரி வந்தது. இன்று அதை நடத்துவது அரசு.

அதாவது, யாரோ ஒரு புண்ணியவான் இரங்கிக் கொடுத்த காலம் போய்விட்டது. 1994-இல் மண்டேலா பதவிக்கு வந்த கையோடு கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச சிகிச்சை என்றார். 1996-இல் அரசு கிளினிக்குகளில் அடிப்படைச் சிகிச்சை எல்லோருக்கும் இலவசமானது. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் இதையெல்லாம் எழுத்தில் வைத்திருக்கிறது. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது. கடையில் ஒரு சோப்பு வாங்கினாலும் அந்த ஆயா 15 சதவீத வாட் வரி கட்டுகிறார். அவர் கட்டிய பணத்தில்தான் எனக்குச் சம்பளம் வருகிறது, இதில் அவர் கூச்சப்பட என்ன இருக்கிறது?

சரி, கிளினிக்கில் காசு இல்லை, ஆஸ்பத்திரியில்? அங்கே வருமானத்தைப் பார்த்து வகுப்பு போடுவார்கள். முதியோர் பென்ஷன், ஊனமுற்றோர் உதவித்தொகை, குழந்தை உதவித்தொகை வாங்குபவர்கள் எச்-பூஜ்யம் என்ற வகுப்பு, அவர்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு உங்கள் முகத்தைப் பார்த்து அது தெரியாது. அடையாள அட்டை, அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கான சாசா அட்டை, வேலை இல்லாதவர் என்றால் வேலையின்மைக் காப்பீட்டின் யூஐஎஃப் தாள், இவற்றைக் காட்டாவிட்டால் கட்டணம் உள்ள வகுப்பில் ஃபைல் திறந்துவிடுவார்கள், மாதக் கடைசியில் வீட்டுக்குப் பில் வந்து நிற்கும். அந்தப் பில்லுக்குப் பயந்து அடுத்த முறை வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். அப்படிப் பில் வந்துவிட்டால் அதையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் வகுப்பை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அவசரம் இல்லாத நோய்க்கு முதலில் கிளினிக், அங்கிருந்து கடிதம், பிறகு ஆஸ்பத்திரி. நேராக வந்தால் திரும்பக் கிளினிக்குக்கே அனுப்புவார்கள், ஒருநாள் வீண்.

வரிசை நீளம்தான். விடியுமுன் வந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருக்கிறார்கள், சில நாள் மருந்தும் தீர்ந்துபோகிறது. இதை மறைத்து எழுத எனக்கு மனசு வராது. ஆனால் சர்க்கரையும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு, வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையிலோ வேறு மையத்திலோ அரசு மாத்திரைப் பொட்டலத்தை இலவசமாக வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. நர்ஸிடம் நீங்களாகவே கேளுங்கள். நிறைய பேருக்கு இது தெரியவே இல்லை.

கிளினிக்குக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். சர்க்கரை நாள்பட்டால் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விடும், முள் குத்தினாலும் தெரியாது. ஈஸ்டர் சமயத்துத் தீமிதி முடிந்து கொப்புளத்தோடு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வேண்டுதல் இருந்தால் அம்மனுக்கு வேறு விதமாகச் செய்யுங்கள், தயவுசெய்து.

அந்த ஆயா இப்போது சக்கர நாற்காலியில் மாதாமாதம் வருகிறார். போன முறை தன் தங்கையையும் கூட்டி வந்திருந்தார். தங்கையின் பையில் அடையாள அட்டை, சாசா அட்டை, கிளினிக் கடிதம், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, எல்லாம் ஒரு ரப்பர் பேண்டில் கட்டி இருந்தன. குதிகாலில் ஒரு சின்ன வெடிப்பு, அவ்வளவுதான், கட்டுப்போட்டு அனுப்பினோம்.