ஜெப ஆலயத்து வண்ணக் கண்ணாடி: துடைக்கும் முன் வாசியுங்கள்

பழைய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைச் செப்பனிடுவது என் தொழில். லண்டனில் ஒரு சிறிய பட்டறையில் வேலை. வருவதில் முக்கால்வாசி சர்ச் சன்னல்கள், நடுநடுவே யூத ஜெப ஆலயங்களிலிருந்தும் வரும். சர்ச் சன்னலில் சாவியோடு ஒரு தாடிக்காரர் நின்றால் அவர் பேதுரு. மூக்கு உதிர்ந்திருந்தால், உதிர்ந்தது மூக்கு என்று யாருக்கும் தெரியும். ஜெப ஆலயச் சன்னலில் இந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே பெரும்பாலும் ஆளே இருக்க மாட்டார். விளக்கு, கிரீடம், சிங்கம், கப்பல், இரண்டு பலகை, கொஞ்சம் எபிரேய எழுத்து, அவ்வளவுதான். உதிர்ந்த இடத்தில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமானால் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். கிழக்கு லண்டனில் யூதக் குடும்பங்கள் புறநகருக்குப் போகப் போக ஆலயங்கள் ஒவ்வொன்றாக மூடின. அப்படி மூடிய ஒன்றின் சன்னல் எங்களிடம் வந்தது. நடுவில் ‘ஷெமா இஸ்ராயேல்’ என்று தொடங்கும் ஆறு சொற்கள். இஸ்ரவேலே கேள், நம் கடவுளாகிய கர்த்தர் ஒருவரே என்ற வரி அது. யூதர்கள் காலையிலும் மாலையிலும் சொல்வது. கடைசிச் சொல்லின் கடைசி எழுத்தில் மேல் மூலைப் பூச்சு உதிர்ந்திருந்தது, ஒரு அரிசி அளவுக்கு.

பழைய கண்ணாடியின் மேல் இப்போதெல்லாம் யாரும் புதிதாகத் தீட்டுவதில்லை. பின்னால் ஒரு மெல்லிய கண்ணாடி வைத்து, விட்டுப்போன கோட்டை அதில் தீட்டி, சூளையில் சுட்டுப் பொருத்துவோம். நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். நான் தீட்டினேன். மூலையைக் கொஞ்சம் வளைத்து, மழமழவென்று இறக்கினேன். பார்க்க அழகாகவே இருந்தது.

அந்த ஆலயத்தைப் பல வருஷம் கவனித்துக்கொண்ட பெரியவர் அன்று மாலை வந்தார். விளக்கு மேசைக்கு முன்னால் நின்றவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “இதை இன்னும் சுடவில்லையே?” என்று மட்டும் கேட்டார்.

எபிரேயத்தில் தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்தும் ஏறக்குறைய ஒரே உருவம். மேலே ஒரு கோடு, வலப்பக்கம் இறங்கும் ஒரு கால். இரண்டும் சேரும் மூலை கூராக வெளியே துருத்தினால் தாலெத், வளைந்து இறங்கினால் ரேஷ். அந்த வரியின் கடைசிச் சொல் எஹாத், தாலெத்தில் முடிவது. எஹாத் என்றால் ஒன்று. கடைசி எழுத்து ரேஷ் ஆகிவிட்டால் அதை அஹேர் என்று வாசிக்கலாம். அஹேர் என்றால் வேறு. ‘ஒருவரே’ என்றிருந்த கடவுளை நான் ‘வேறொருவர்’ ஆக்கி வைத்திருந்தேன். நம் எழுத்தில் ஒரு சின்னக் கால் இழுத்தால் எரி ஏரியாகிவிடும் அல்லவா, அதே கதைதான். யூதர்களின் வேதமான தோராவைக் கையால் எழுதும் சுருளில் இந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுவார்கள். குழப்பம் வந்துவிடக் கூடாது என்பதற்காக என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்குத்தான் அப்போது ஒன்றும் தெரியாது. ஈர விரலால் துடைத்துவிட்டு மறுபடி தீட்டினேன்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சன்னல்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பத்துக் கட்டளைகளில் உருவம் செய்யாதே என்று இருக்கிறது, அதனால் யூதக் கலையில் ஆளே கிடையாது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். முழுக்க அப்படியில்லை. இஸ்ரேலில் பேத் ஆல்ஃபாவின் 6ஆம் நூற்றாண்டு ஆலயத் தரையில் ராசிச் சக்கரமும் மனித முகங்களும் இருக்கின்றன. மாறாக, ஜெர்மனியின் கொலோன் நகர ஆலயச் சன்னல்களில் சிங்கமும் பாம்பும் இருந்ததற்கே 12ஆம் நூற்றாண்டில் மைன்ஸ் நகரத்து ரபி (யூத மதகுரு) எலியாக்கிம் அவற்றை எடுத்துவிடச் சொன்னார். எதை வரையலாம் என்பதில் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் வழக்கு வேறு. சன்னல் வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. 1565இல் வெனிஸில் அச்சான ரபி யோசேப் காரோவின் யூதச் சட்டத் தொகுப்பு, ஆலயத்தில் 12 சன்னல்கள் இருப்பது நல்லது என்கிறது.

அந்தப் பன்னிரண்டை எருசலேமில் பார்க்கலாம். ஐன் கெரெமில் ஹதாஸா மருத்துவமனையின் ஜெப ஆலயத்துக்கு ஓவியர் மார்க் ஷகால் செய்த சன்னல்கள், 1962இல் திறக்கப்பட்டவை. சதுரமான கூடம், பக்கத்துக்கு மூன்று சன்னல், யாக்கோபின் பிள்ளைகள் வழிவந்த 12 கோத்திரங்களுக்கு ஆளுக்கொன்று. ஒரு மனித முகம் இல்லை. தகப்பன் யாக்கோபு சாகும் முன் ஒவ்வொரு மகனுக்கும் ஒவ்வொன்றாகச் சொன்ன வாழ்த்துதான் படத்துக்கு மூலம். யூதாவுக்குச் சிங்கம், நப்தலிக்கு மான், செபுலோனுக்குக் கப்பல், பென்யமீனுக்கு ஓநாய். யூதாவின் சன்னல் முழுக்கச் சிவப்பு, மேலே கிரீடத்தை ஏந்திய இரண்டு கைகள். கை உண்டு, ஆள் இல்லை. எனக்கு இந்தப் பன்னிரண்டில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

தொழில்காரனாக நான் வியப்பது வேறொன்று. பொதுவாக நிறம் மாறும் இடத்தில் கண்ணாடியை வெட்டி ஈயப் பட்டையால் இணைக்க வேண்டும், கறுப்புக் கோடு விழும். பிரான்சில் ரெய்ம்ஸ் பட்டறையின் ஷார்ல் மார்க், ஒரே துண்டில் மூன்று நிறம் வரை வருகிற மாதிரி மேல்பூச்சுக் கண்ணாடியைத் தயார் செய்து கொடுத்தார். அதனால் ஷகாலின் நிறங்கள் கோட்டுக்குக் கட்டுப்படாமல் நீர் மாதிரி பரவுகின்றன. 1967 போரில் சில சன்னல்கள் சேதமாயின. ஷகால் அவற்றைச் சரிசெய்து கொடுத்தார். ஆனாலும் குண்டு பாய்ந்த தடத்தை அங்கே வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். எல்லா ஓட்டையும் அடைக்க வேண்டியதில்லை.

சரி, பராமரிக்கிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் வழக்கமாகத் தவறுகிற இடங்களுக்கு வருகிறேன்.

முதலில் நட்சத்திரம். ஆறு முனை நட்சத்திரத்தைப் பார்த்ததும் பழைய யூதச் சின்னம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். முருகன் கோயிலில் அறுகோணம் பார்த்து வளர்ந்த நமக்காவது கொஞ்சம் சந்தேகம் வர வேண்டும். அது பல சமயங்களில் புழங்கிய வடிவம், சர்ச்சுகளிலும் உண்டு. யூதர்களின் பொதுச் சின்னமாக அது பரவியது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்தான். உண்மையில் பழையது மெனோரா என்ற ஏழு கிளை விளக்கு. ரோமில் முதல் நூற்றாண்டின் டைட்டஸ் வெற்றி வளைவிலேயே அது செதுக்கப்பட்டிருக்கிறது.

அந்த விளக்கிலும் கிளைகளை எண்ணிப் பாருங்கள். ஏழு இருந்தால் பழங்காலத்தில் எருசலேமில் இருந்த பேராலயத்து விளக்கு. ஒன்பது இருந்தால் ஹனுக்கா பண்டிகை விளக்கு: எட்டு நாளுக்கு எட்டு, ஏற்றுவதற்கு ஒன்று. பேராலயத்து விளக்கை அப்படியே நகலெடுக்கக் கூடாது என்று யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூதில் இருப்பதால் சில இடங்களில் வேண்டுமென்றே ஆறோ எட்டோ வைப்பார்கள். ‘ஒரு கிளை உடைந்துபோயிருக்கிறது போல’ என்று நீங்களாக ஏழாக்கிவிடாதீர்கள்.

பத்துக் கட்டளை எழுதிய இரண்டு பலகைகளில் ஒன்று முதல் ஐந்து வரை வலப்பக்கம் வரும். எபிரேயம் வலமிருந்து இடம் போகும் எழுத்து. கண்ணாடிப் பலகத்தைச் சன்னலிலிருந்து கழற்றித் திரும்ப மாட்டும்போது உள்பக்கம் வெளிப்பக்கம் மாறிப்போனால் பலகைகளும் இடம் மாறும், எழுத்தும் கண்ணாடிப் பிம்பமாகும். தெருவிலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாதா என்பார்கள். உள்ளே தொழுகிறவர்களுக்கு அல்லவா சன்னல். இரண்டு கைகளில் விரல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தால் வரைந்தவருக்குக் கை வரவில்லை என்று நினைக்க வேண்டாம். அது ஆரோன் வழிவந்த யூதப் பூசாரிகள் ஆசி சொல்லும்போது பிடிக்கும் முத்திரை.

துடைப்பது பற்றி. இங்கிலாந்தில் 1860, 70களில் பல பட்டறைகள் பூச்சில் வெண்காரம் சேர்த்தார்கள். குறைந்த சூட்டில் வேலை முடியும், ஆனால் ஈரம் பட்டால் கோடுகள் கரைந்து உதிரும். கடையில் வாங்கின தெளிப்பானும் துணியுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நூறு வருஷத்து எழுத்தைத் துடைத்தெடுத்த கதை ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். தூசி தட்ட மென்மையான தூரிகை போதும். கல்லெறிக்குப் பயந்து வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தகடு அடிக்கிறவர்கள் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். இறுக்கி அடைத்தால் உள்ளே சூடேறி, நீர்த்துளி கோத்து, ஈயம் தொய்ந்து பலகம் வயிறு தள்ளிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் டீ குடிக்காதீர்கள், இது எங்கள் பட்டறைப் பையன்களுக்கும் சேர்த்து.

கடைசியாகக் குப்பைத் தொட்டி. அந்த ஷெமா பலகத்தில் கடவுளின் பெயர் வந்த துண்டு ஒன்று, ஒட்டவே முடியாதபடி பொடிந்திருந்தது. வழக்கப்படி நான் அதைத் தகரப் பெட்டியில் போடப் போனேன். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். எழுதப்பட்ட அந்தப் பெயரை அழிக்கக் கூடாது, பாத்திரத்தில் பொறித்திருந்தாலும் கூடாது என்பது அவர்கள் சட்டம். சட்டைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து, சில்லுகளை ஒவ்வொன்றாக அதில் போட்டார். கிழிந்த ஜெபப் புத்தகங்களைப் புதைக்கிற நாளில் இதையும் சேர்த்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிடுவார்களாம். மேசைக்கு அடியில் ஒரு சில்லு கிடந்ததை நான் அப்புறம்தான் பார்த்தேன். வாசல்வரை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.